ஆக்சில் பூட் கிட், சிவி ஜாயிண்ட், ரீகண்டிஷன், புது செட்: எதை வாங்கலாம், எதை ஒதுக்கலாம்

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் ஆக்சில், அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கும் கம்பி, வேலை என்று வந்துவிட்டால் உதிரிபாகக் கடையில் ஐந்து வகைச் சரக்கு காட்டுவார்கள். கிரீஸும் கிளிப்பும் சேர்ந்த ரப்பர் பூட் (ஜாயிண்டை மூடும் மடிப்பு உறை) கிட், இழுத்து மாட்டும் யுனிவர்சல் பூட், தனியாக வெளி சிவி ஜாயிண்ட் (மடங்கினாலும் ஒரே வேகத்தில் சுற்றும் மூட்டு), பழையதைப் பிரித்துச் சரிசெய்த ரீகண்டிஷன் ஆக்சில், பெட்டியோடு வரும் புது ஆக்சில் செட். ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஐ10, சிட்டி மாதிரி அதிகம் ஓடும் வண்டிகளுக்கு இந்த ஐந்தும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். இவற்றில் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது எல்லாவற்றிலும் மலிவான பூட் கிட்தான். ஆனால் அதை ஜாயிண்ட் சத்தம் போடத் தொடங்குவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். சத்தம் வந்தபின் பூட் மாற்றினால் ரப்பருக்கும் கூலிக்கும் கொடுத்தது வீண்.

ஏன் என்று புரிய உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். சக்கரத்துப் பக்கம் இருக்கும் வெளி ஜாயிண்டுக்கு ரெசெப்பா ஜாயிண்ட் என்று பெயர். ஆல்ஃபிரட் ரெசெப்பா என்ற பொறியாளர் 1920களில் காப்புரிமை பெற்ற வடிவம். கிண்ணம் போன்ற வெளிக்கூடு, அதற்குள் ஓர் உள்வளையம், இரண்டுக்கும் நடுவே கூண்டில் அடங்கிய ஆறு எஃகுக் குண்டுகள். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தாலும் 45 பாகை அளவுக்கு மடங்கியபடி வேகம் தடுமாறாமல் சுற்றும். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயிண்ட் பெரும்பாலும் டிரைபாட் வகை. மூன்று கால் உள்ள ஒரு சிலந்தி, ஒவ்வொரு காலிலும் ஊசி பேரிங் மேல் சுற்றும் ஓர் உருளை. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ஆக்சிலின் நீளம் மாற வேண்டும். அந்த நீளத்தை இந்த உருளைகள் முன்னும் பின்னும் ஓடிக் கொடுக்கின்றன.

குண்டும் தடமும் கண்ணாடிபோல் மெருகேறிய, கடினமாக்கிய எஃகு. இடையில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருப்பு கிரீஸ் இருக்கும்வரை ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஒன்றும் ஆகாது. பூட் கிழிந்த நாளிலிருந்துதான் கணக்கு மாறுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் சிறு காரின் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ ஒன்பது சுற்று சுற்றும். அந்த வேகத்தில் கிழிசல் வழியாக கிரீஸ் வெளியே வீசப்படும், அதே வழியாகச் செம்மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். மிச்சமிருக்கும் கிரீஸோடு மணல் கலந்தால் அது மசகாக இருப்பதில்லை, தேய்க்கும் பசையாகிவிடும். நவம்பர் மழையில் தேங்கிய தண்ணீரில் கிழிந்த பூட்டோடு ஓட்டினால் சில வாரங்களிலேயே ஜாயிண்ட் பாழாகும். வெயில் காலத்தில், நல்ல சாலையில் அதே கிழிசல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பதும் உண்டு. ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடுவது சரியில்லை.

முதலில் நோய் ஆக்சிலில்தானா?

பாகம் வாங்குவதற்கு முன் இதை உறுதிசெய்யாமல் செலவழிப்பவர்கள் அதிகம். முன்பக்கம் வரும் எல்லாச் சத்தத்துக்கும் ஆக்சிலைக் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது.

வெளி ஜாயிண்ட் தேய்ந்தால் ஸ்டீயரிங்கை ஒடித்தபடி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது "கட் கட் கட்" என்று சக்கர வேகத்துக்கு ஏற்றபடி சத்தம் வரும். காலியான மைதானத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, முதல் கியரில் லேசாக இழுத்து வட்டமடியுங்கள், பிறகு மறுபக்கம், ரிவர்ஸிலும் ஒருமுறை. இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது ஜாயிண்ட், வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடது. கூடவே ரிம்மின் உட்பக்கத்தில் கருப்பாக கிரீஸ் தெளித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உள் ஜாயிண்ட் தேய்மானம் சத்தமாக வராது, நடுக்கமாக வரும். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மேடேறும்போது, அல்லது இரண்டாம் மூன்றாம் கியரில் அழுத்தி இழுக்கும்போது வண்டியின் முன்பகுதி இடவலமாக ஆடும். காலை எடுத்த நொடியில் நின்றுவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் 40 வளைவுகளையோ முழு லோடில் ஏறும் வண்டிகளில் இந்த நடுக்கம் முதலில் தெரியவரும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்ஜின் மவுண்ட் ரப்பர் உட்கார்ந்துபோனாலும் இன்ஜின் இறங்கி, உள் ஜாயிண்டின் கோணம் கூடி, இதே நடுக்கம் வரும். மவுண்டைப் பார்க்காமல் புது ஆக்சில் போட்டால் நடுக்கம் அப்படியே இருக்கும்.

80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் மட்டும் அதிர்ந்தால் வீல் பேலன்ஸைப் பாருங்கள். வேகம் கூடக்கூட "ஊ..." என்று கூடி, வண்டியை லேசாக இடமும் வலமும் வளைத்தால் மாறும் இரைச்சல் வீல் பேரிங். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது "டொக்" என்றால் சஸ்பென்ஷன் மேல் மவுண்ட். ஸ்பீட் பிரேக்கரில் மட்டும் லொடலொட என்றால் லிங்க் ராட். இவை எதற்கும் ஆக்சிலைக் கழற்ற வேண்டியதில்லை.

தரையிலிருந்து உயரம் கூட்டுவதற்காக காயில் ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டி உயர்ந்தால் ஆக்சில் எப்போதும் சரிந்த நிலையில் சுற்றும். பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும், உள் ஜாயிண்ட் உருளைகள் புதிய இடத்தில் தடம் பதிக்கும். எத்தனை நல்ல பாகம் போட்டாலும் அந்த வண்டியில் ஆயுள் குறைவுதான்.

பூட் கிட்

ஒரு நல்ல கிட்டில் பூட், பெரிய கிளிப் ஒன்று, சிறிய கிளிப் ஒன்று, கிரீஸ் பாக்கெட், சர்க்ளிப் (பள்ளத்தில் உட்கார்ந்து பாகம் கழலாமல் பிடிக்கும் எஃகு வளையம்) ஆகியவை இருக்கும். சில கிட்களில் ஆக்சில் முனையைச் சக்கர ஹப்போடு இறுக்கும் ஹப் நட்டும் வரும். விலை பெரும்பாலான சிறு கார்களுக்குச் சில நூறு ரூபாயில் முடியும். கூலிதான் பாகத்தைவிட அதிகம். அதனால் ஐம்பது நூறு மிச்சம் பிடிக்கத் தரம் குறைந்த பூட் வாங்குவது கணக்கே இல்லை. அது ஒரு வருடத்தில் வெடித்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

பூட் இரண்டு பொருள்களில் வரும். நியோப்ரீன் ரப்பர் மிருதுவாக இருக்கும், மாட்டுவது சுலபம், சாதாரண கிளிப்புக்கே நன்றாக அடங்கும். ஆனால் வெயிலிலும் ஓசோனிலும் மடிப்பின் அடியில் நுண்விரிசல் விடும். தெர்மோபிளாஸ்டிக் பூட் தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருக்கும். கல் பட்டால் கிழியாது, வேகத்தில் உப்பாது, ஆயுள் அதிகம். வெளி ஜாயிண்டுக்கு இதையே பரிந்துரைக்கலாம். ஒரே நிபந்தனை, அது விறைப்பானது என்பதால் காது மடக்கும் எஃகு கிளிப்பும் அதற்கான இடுக்கியும் கட்டாயம் வேண்டும். தெர்மோபிளாஸ்டிக் பூட்டைக் கட்டுக்கம்பியாலோ பிளாஸ்டிக் டையாலோ கட்டினால் முதல் நெடுஞ்சாலைப் பயணத்திலேயே கிரீஸ் வாய்வழியே வந்துவிடும். கியர்பாக்ஸ் பக்கம் சூடு அதிகம், கோணம் குறைவு. அங்கே நல்ல ரப்பர் பூட்டே போதும்.

கடையில் கையில் வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை எளிது. மடிப்பை விரலால் விரித்து அடியில் பாருங்கள். வெடிப்பு, வெள்ளைப் பூச்சு, அச்சுப்பிசிறு எதுவும் இருக்கக்கூடாது. பழைய இருப்பு ரப்பர் வாங்கும்போதே பாதி ஆயுளை இழந்திருக்கும். பெரிய வாயும் சிறிய வாயும் பழைய பூட்டின் அளவேதானா என்று வைத்துப் பாருங்கள். டிரைபாட் ஜாயிண்டின் வெளிக்கூடு சில வண்டிகளில் வட்டமாக இருக்காது, மூன்று பள்ளம் இருக்கும்; அதற்கு உள்ளே மூன்று புடைப்பு உள்ள பூட் வேண்டும். வட்டமான பூட்டை அதில் இறுக்கினால் பள்ளம் வழியாகக் கசியும்.

கிரீஸ் விஷயத்தில் கிட்டின் பாக்கெட்டில் வரும் அளவே அளவு. முழுதும் போட வேண்டும். "கொஞ்சம் போதும்" என்று பாதி பாக்கெட்டை எடுத்துவைக்கும் பழக்கமும், வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸை அள்ளி அப்பும் பழக்கமும் ஜாயிண்டைக் கொல்லும். வெளி ஜாயிண்டுக்கும் உள் ஜாயிண்டுக்கும் வெவ்வேறு கிரீஸ் கொடுத்திருந்தால் கலக்கக்கூடாது. பாக்கெட்டின் மேல் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும்.

யுனிவர்சல் பூட்

இழுவை அதிகமுள்ள ரப்பரில் செய்தது. பிளாஸ்டிக் கூம்பின் மேல் வழுக்கவிட்டு ஜாயிண்டைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோவார்கள். கியர்பாக்ஸ் பக்கம் ஆக்சிலைக் கழற்ற வேண்டாம், கியர் ஆயில் போகாது, நேரம் மிச்சம். இது உண்மைதான். ஆனால் ஜாயிண்டைப் பிரிக்காமல் உள்ளே போன மணலை முழுசாகக் கழுவ முடியாது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்பதற்காகச் சிறிய வாயைப் படிப்படியாக வைத்திருப்பார்கள். சரியான படியில் வெட்ட வேண்டும். ஒரு படி தவறினாலும் ஆக்சிலின் பள்ளத்தில் உட்காராது. இழுபட்ட ரப்பர் ஆதலால் ஆயுளும் குறைவு. பூட் கிழிந்து ஓரிரு நாளே ஆன, கிரீஸ் இன்னும் சுத்தமாக இருக்கும் வண்டிக்கு மட்டும் இதை ஒத்துக்கொள்ளலாம்.

நீளவாக்கில் பிளந்து, பசையால் ஒட்டும் பூட்டும் விற்கிறார்கள். கிரீஸ் துளி பட்டாலும் அந்தப் பசை பிடிக்காது, ஆக்சில் வேலையில் கிரீஸ் படாமல் இருக்கவும் முடியாது. வாங்க வேண்டாம்.

வெளி ஜாயிண்ட் மட்டும்

கட் கட் சத்தம் வந்துவிட்டது, உள் ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது, ஆக்சில் கம்பியும் துருப்பிடிக்கவில்லை என்றால் இதுதான் சரியான தேர்வு. பெரிய பேரிங், ஜாயிண்ட் தயாரிப்பாளர்களின் பெட்டியில் வருவதை எடுத்தால் புது ஆக்சில் செட்டின் விலையில் பாதிக்கும் கீழே முடியும். அசல் ஆக்சிலின் மீதிப் பகுதி வண்டியிலேயே இருப்பது கூடுதல் நன்மை. அசல் கம்பியும் அசல் டிரைபாடும் மலிவான புது செட்டைவிட எப்போதும் மேல்.

வாங்கும்போது பழைய ஜாயிண்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பார்ட் நம்பர் சரியாக இருந்தாலும் நான்கு விஷயத்தை எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும். சக்கரம் மாட்டும் வெளி ஸ்பிளைன் பற்கள், கம்பி நுழையும் உள் ஸ்பிளைன் பற்கள், ஹப் நட் மரையின் அளவு, ஏபிஎஸ் வளையம். கடைசியில் சொன்னதுதான் அதிகம் கோட்டைவிடப்படுவது. சற்றுப் பழைய வண்டிகளில் ஏபிஎஸ் சென்சார் படிக்கும் பல்வளையம் ஜாயிண்டின் மேலேயே இருக்கும். பல் எண்ணிக்கை ஒன்று மாறினாலும் அந்தச் சக்கரம் வேறு வேகத்தில் சுற்றுவதாகக் கணினி எடுத்துக்கொண்டு, விளக்கு எரியும், ஏபிஎஸ் வேலை செய்யாது. புதிய வண்டிகளில் காந்த வளையம் வீல் பேரிங்கிலேயே இருப்பதால் ஜாயிண்டில் வளையம் இருக்காது. எந்த வகை என்று வண்டியில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இங்கே ஒரு தடங்கல் உண்டு. பல ஜப்பானிய வடிவமைப்புகளில் வெளி ஜாயிண்டைக் கம்பியிலிருந்து பிரிக்க வேண்டாம் என்றே சர்வீஸ் மானுவல் சொல்லும். அந்த வண்டிகளில் பூட்டை உள் பக்கத்திலிருந்து, டிரைபாடைக் கழற்றித்தான் நுழைக்க வேண்டும். ஜாயிண்ட் போய்விட்டால் கம்பியோடு சேர்ந்த பாகமாக வாங்குவதே வழி. மெக்கானிக்கிடம் இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ரீகண்டிஷன் ஆக்சில்

இதில்தான் ஏமாற்றம் அதிகம். ரீகண்டிஷன் என்ற ஒரே பெயரில் மூன்று வேறுவேறு வேலைகள் விற்கப்படுகின்றன. முதலாவது, கழுவி, புது கிரீஸ் போட்டு, புது பூட் மாட்டி, கம்பிக்குக் கருப்பு பெயிண்ட் அடிப்பது. தேய்மானம் அப்படியே இருக்கும். கெட்டி கிரீஸ் சில வாரம் சத்தத்தை அமுக்கும், பிறகு கட் கட் திரும்பும். இரண்டாவது, தடத்தைக் கிரைண்ட் செய்து, அளவு கூடிய குண்டு போடுவது. தடத்தின் கடினமான தோல் ஓரிரு மில்லிமீட்டர் ஆழம்தான். கிரைண்டிங்கில் அது மெலிந்துபோனால் உள்ளிருக்கும் மிருதுவான எஃகில் குண்டு பள்ளம் போடும். அளந்து, சரியான எந்திரத்தில் செய்தால் ஓடும். சாலையோரப் பட்டறையில் அதைச் சரிபார்க்க வாங்குபவருக்கு வழியில்லை. மூன்றாவது, தேய்ந்த ஜாயிண்டைத் தூக்கிப்போட்டு, பழைய கம்பியில் புது ஜாயிண்ட் மாட்டித் தருவது. இது நேர்மையான வேலை. ஆனால் அப்படியென்றால் ஜாயிண்ட் எந்தத் தயாரிப்பு என்று பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் முதல் இரண்டில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

மெக்கானிக்குகள் செய்யும் பழைய உத்தி ஒன்றும் உண்டு. முன்னோக்கி ஓடும்போது குண்டு தடத்தின் ஒரு பக்கச் சுவரைத்தான் அழுத்தும், மறுபக்கம் தேயாமல் இருக்கும். வடிவம் இடம் கொடுக்கும் வண்டிகளில் இடது ஜாயிண்டை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் போட்டால் தேயாத சுவர் சுமை தாங்கும், சத்தம் குறையும். தற்காலிகமாக இது வேலை செய்யும். கூண்டின் சன்னல்களும் தேய்ந்திருந்தால் பலனில்லை.

இந்த வரிசையில் சென்னை புதுப்பேட்டையிலும் மற்ற ஊர்ப் பழைய உதிரிபாகச் சந்தைகளிலும் கிடைக்கும், கழற்றிய அசல் ஆக்சிலுக்கு ஓர் இடம் உண்டு. விபத்தில் பின்பக்கம் நொறுங்கிய, குறைவாக ஓடிய வண்டியின் ஆக்சில், பூட் கிழியாமல் இருந்தால், பெயர் தெரியாத புது செட்டைவிட நம்பகமானது. வாங்குமுன் கம்பியை ஒரு கையிலும் வெளி ஜாயிண்டை மறு கையிலும் பிடித்து முன்னும் பின்னும் முறுக்கிப் பாருங்கள். துளியும் ஆட்டம் இருக்கக்கூடாது. எல்லாத் திசையிலும் மடக்கிச் சுற்றுங்கள். எங்கேயும் படி ஏறுவதுபோல் தட்டக்கூடாது. சீல் உட்காரும் வழவழப்பான கழுத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் கியர் ஆயில் கசியும். துருப் பள்ளம் உள்ள கம்பியைக் கடலோர ஊர் வண்டிகளில் அதிகம் பார்க்கலாம், ஒதுக்கிவிடுங்கள். ஒரே பெயர் கொண்ட வண்டியிலேயே பெட்ரோலா டீசலா, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதைப் பொறுத்து ஆக்சில் மாறும். இடதும் வலதும் நீளம் வேறு.

புது ஆக்சில் செட்

கார் நிறுவனத்தின் அசல் பெட்டி விலை கூடுதல், ஆனால் பொருந்தும், அதிராது. பெட்டியில் ஹாலோகிராம், பார்ட் நம்பர், அச்சின் தெளிவு மூன்றையும் பாருங்கள். இரண்டு ஜாயிண்டும் போன வண்டிக்கு, அல்லது கம்பி துருவேறிய வண்டிக்கு இதுவே முடிவான தீர்வு.

மலிவான புது செட்களில் மூன்று குறை திரும்பத் திரும்ப வரும். நீளமான ஆக்சிலின் நடுவே அசலில் ரப்பரில் பதித்த கனமான வளையம் ஒன்று இருக்கும். அதிர்வை உறிஞ்சுவதற்காக வைத்தது. செலவைக் குறைக்க அதை விட்டுவிடுவார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை அதிர்வதாகப் புகார் வந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். அடுத்தது, டிரைபாட் உருளைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே இடைவெளி அதிகம். வண்டி டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாறும்போது "டக்" என்று தட்டும், இழுக்கும்போது புதிதிலேயே நடுங்கும். மூன்றாவது, பூட்டின் ரப்பர் தரம். எஃகு நன்றாக இருந்தும் இரண்டு மழைக்காலத்தில் பூட் வெடித்துவிடுவதுண்டு. பழைய அசல் ஆக்சிலில் பூட் மட்டும் கிழிந்திருக்கும்போது, "மொத்தமாகப் புதுசு போட்டுவிடலாம், வேலை சுலபம்" என்று மலிவு செட்டைத் திணித்தால் மறுத்துவிடுங்கள். வேலை அவர்களுக்குச் சுலபம். வண்டிக்கு நல்ல பாகம் போய்ச் சுமாரான பாகம் வருகிறது.

மாட்டும் வேலையில் எங்கே கெடுகிறது

நல்ல பாகத்தை மோசமாக மாட்டினால் மேலே சொன்ன எதுவும் உதவாது. வேலை நடக்கும் வரிசை தெரிந்திருந்தால் பட்டறையில் நின்று பார்க்கும்போதே தவறு புலப்படும்.

வண்டி தரையில் நிற்கும்போதே, பிரேக்கைப் பிடித்தபடி, ஹப் நட்டின் மடக்கிய உதட்டை நிமிர்த்தி நட்டைத் தளர்த்த வேண்டும். பிறகு ஜாக்கி, ஸ்டாண்டு, சக்கரம் கழற்றல். ஏபிஎஸ் வயரை விடுவித்து, லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டைப் பிரித்து, சக்கர ஹப்பைத் தாங்கும் நக்கிளை வெளியே இழுத்தால் ஆக்சிலின் முனை ஹப்பிலிருந்து வரும். ஒட்டிக்கொண்டால் இரும்புச் சுத்தியலால் நேராக மரையில் அடிக்கக்கூடாது. நட்டை முனை மட்டத்துக்கு வைத்துச் செம்பு அல்லது பித்தளைக் கட்டையால் தட்ட வேண்டும். உள்பக்கம் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுப்பதுதான் பெரிய தவறு. டிரைபாட் கூட்டுக்குள்ளேயே கழன்று உருளைகள் சிதறும். கியர்பாக்ஸுக்கும் உள் ஜாயிண்டுக்கும் இடையே லீவரைக் கொடுத்து நெம்பித்தான் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பல வண்டிகளில் கியர் ஆயில் வழியும். முதலிலேயே வடித்துவிட்டால் புதிய ஆயிலை மானுவலில் சொன்ன ரகத்தில், சொன்ன அளவில் ஊற்றலாம். ஆக்சிலைக் கழற்றிய கையோடு ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். பின்னால் சீலுக்காக இதே வேலையை மறுபடி செய்வது பணவிரயம்.

வைஸில் ஆக்சிலை இறுக்கும்போது அலுமினியத் தகடோ மரக்கட்டையோ வைக்க வேண்டும். டிரைபாடைப் பிரிக்கும்முன் சிலந்தி, கூடு, கம்பி மூன்றிலும் பெயிண்டால் அடையாளம் போட வேண்டும், பஞ்ச் கருவியால் குத்தக்கூடாது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடித்துக் காயவைத்த பிறகு ஒவ்வொரு குண்டையும் சன்னலுக்கு வரும்படி சாய்த்துப் பார்க்க வேண்டும். தடத்தில் குண்டு அளவுக்குப் பள்ளம், குண்டில் பொரிவு, நீலம் பாய்ந்த நிறம் இதில் ஒன்று இருந்தாலும் பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை என்று அங்கேயே முடிவெடுக்கலாம். கழுவாமல் பழைய கிரீஸின் மேலேயே புது கிரீஸ் அப்பும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

பூட் நுழைக்கும்போது ஸ்பிளைன் மேல் டேப் சுற்ற வேண்டும், இல்லையென்றால் பற்கள் ரப்பரைக் கீறும். கிரீஸைக் குண்டுகளுக்கு இடையே அழுத்தி நிரப்பி, மிச்சத்தை பூட்டுக்குள் விட வேண்டும். பூட் உட்காரும் இரண்டு வாயும் துளி கிரீஸ்கூட இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். கிளிப் இறுக்குவதற்கு முன் ஆக்சிலைச் சரியான நீளத்தில் வைத்து, மழுங்கிய ஸ்க்ரூடிரைவரைச் சிறிய வாய்க்கு அடியில் நுழைத்து உள்காற்றை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பூட் உப்பி நிற்கும், அல்லது உள்வாங்கி மடிப்பு ஒடியும். புதிய பூட் சில மாதத்தில் கிழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாட்டும்போது முனையில் உள்ள சர்க்ளிப் புதிதாக இருக்க வேண்டும். அதன் வாய் கீழ்நோக்கி இருந்தால் சுலபமாக நுழையும். கியர்பாக்ஸுக்குள் தள்ளியதும் "க்ளிக்" என்று உணரப்பட வேண்டும். பிறகு உள் ஜாயிண்டின் கூட்டைப் பிடித்து இழுத்தால் வரக்கூடாது. சீலின் உதட்டில் கொஞ்சம் கியர் ஆயில் தடவி நேராக நுழைத்தால் சீல் கிழியாது.

ஹப் நட் கட்டாயம் புதிது. பழைய நட்டின் உதட்டை மறுபடி மடக்கினால் நிற்காது. இறுக்க அளவு பல சிறு கார்களில் 170 முதல் 250 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டியின் சரியான எண் சர்வீஸ் மானுவலில் இருக்கும். ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் 20 கிலோவைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். குறைந்தால் வீல் பேரிங் ஆடிக் கெடும், கூடினால் பேரிங் நெரிந்து இரையும். காற்றுத் துப்பாக்கியால் "டர்ர்" என்று இறுக்கிவிட்டு அனுப்பும் இடத்தில், ஆக்சில் வேலை முடிந்த சில மாதத்தில் பேரிங் இரைச்சல் வருவது தற்செயல் இல்லை. பட்டறையில் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று வேலை கொடுக்கும்முன் கேளுங்கள். நட்டை இறுக்காமல் வண்டியைத் தரையில் இறக்கி ஓரடிகூட உருட்டக்கூடாது.

பின்சக்கர இழுவை வண்டிகள்

பொலேரோ, ஈகோ, பழைய இன்னோவா, கிரிஸ்டா போன்றவற்றுக்கு இந்தக் கதை வேறு. அங்கே கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூஜே கிராஸும் (சிலுவை வடிவ மூட்டு) நடு பேரிங்கும்தான் தேயும். கியர் போட்டு கிளட்ச் விடும்போது "டங்" என்று தட்டினால் கிராஸ். புறப்படும்போது மட்டும் அடியில் நடுங்கினால் நடு பேரிங்கின் ரப்பர். கிராஸில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் நான்கு மூடியிலும் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றும்முன் இரண்டு ஃபிளாஞ்சிலும் அடையாளம் போடாமல் எடுத்தால் பேலன்ஸ் மாறி, புதிய கிராஸ் போட்ட பிறகும் அதிரும்.

வேலை முடிந்த பிறகு

ஸ்ட்ரட்டின் இரண்டு போல்ட்டைக் கழற்றி வேலை செய்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். பால் ஜாயிண்ட் வழியாக மட்டும் எடுத்திருந்தால் அவசியமில்லை. சில நாள் ஓட்டிய பிறகு ரிம்மின் உட்பக்கம், கியர்பாக்ஸ் சீலின் அடி, இரண்டு கிளிப்பின் ஓரம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். கிளிப் ஓரத்தில் மெல்லிய எண்ணெய்க் கோடு மட்டும் இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம். கிரீஸ் கட்டியாகத் தெறித்திருந்தால் கிளிப்பை உடனே மாற்றச் சொல்லுங்கள், உள்ளே மணல் போவதற்கு முன் அது ஒரு கிளிப்பின் விலையோடு முடியும். அதன்பிறகு ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும், வண்டி லிஃப்டில் ஏறியிருக்கும்போது, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து நான்கு பூட்டின் மடிப்புகளையும் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்பின் அடியில் நுண்விரிசல் தெரிந்தால் கிழியும்வரை காத்திருக்காமல் அந்த சர்வீஸிலேயே பூட் கிட் போட்டுவிடலாம்.